பிங்கள வருடத்துப் பிள்ளைகளுக்கு எங்கள் நூலகத்தில் ஓர் இடம்: ஒரு திறந்த மடல்

திருகோணமலைப் பொது நூலகத்தின் பொறுப்பாளர்களுக்கும், அதை நிருவகிக்கும் உள்ளூராட்சி மன்றத்தின் தலைவருக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

இந்த நகரத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் முப்பத்தொரு ஆண்டுகள் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியன் எழுதும் மடல் இது. உங்களிடம் கேட்க வந்த விடயம் ஒன்றே ஒன்றுதான். 1917ஆம் ஆண்டில் (எங்கள் பஞ்சாங்கக் கணக்கில் அதன் பெரும்பகுதி பிங்கள வருடம்) பிறந்து உலகம் அறிந்த மனிதர்களாக வளர்ந்தவர்களைப் பற்றி, எங்கள் பிள்ளைகள் தமிழில் வாசிக்கக்கூடிய ஒரு நிலையான பகுதியை எங்கள் பொது நூலகத்தில் அமைத்துத் தரவேண்டும் என்றும், அதே ஆண்டில் இந்த ஊரில் பிறந்தவர்களின் விபரங்களைக் குடும்பங்களிடம் கேட்டுத் திரட்டி, அந்தப் பகுதியிலேயே ஒரு பதிவேடாக வைக்கவேண்டும் என்றும் வேண்டிக்கொள்கிறேன். ஏன் 1917 என்று நீங்கள் கேட்பீர்கள். அதைத்தான் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

சென்ற தவணையில் ஒன்பதாம் தரத்தில் படிக்கும் என் பேத்தி ஒரு பொது அறிவுப் போட்டிக்காக வீட்டுக்கு ஒரு தாள் கொண்டுவந்தாள். 'இவ்வாண்டில் பிறந்தோர்' என்ற தலைப்பின் கீழ் இருபத்துநான்கு பெயர்கள் இருந்தன. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பிறந்த திகதி, தொழில், நாடு என்று மூன்று சொற்கள், அவ்வளவே. விறாந்தையில் நடந்து நடந்து அவள் அதை மனனம் செய்துகொண்டிருந்தாள். 'ஆதர் சி. கிளார்க், டிசம்பர் 16, எழுத்தாளர், இங்கிலாந்து' என்று அவள் ஒப்புவித்தது காதில் விழுந்ததும், அவளை நிறுத்தி, அந்த மனிதர் சுவாமிமலையடியில் கடலுக்குள் இறங்கியவர் என்பது தெரியுமா என்று கேட்டேன். எங்கள் வீட்டிலிருந்து, கோணேசர் கோவில் நிற்கும் அந்தச் சுவாமிமலைக்கு நடந்துபோனால் இருபது நிமிடம். வெள்ளிக்கிழமைகளில் அவள் கோணேசர் கோவிலுக்குப் போய்வருகிற பிள்ளை. நான் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்றே அவள் நினைத்தாள். அந்தத் தாளில் சில வரிகள் தள்ளி, 'எம். ஜி. இராமச்சந்திரன், ஜனவரி 17, நடிகர், அரசியல்வாதி, இந்தியா' என்று இருந்தது. அவர் பிறந்தது நாவலப்பிட்டியில் என்று நான் சொன்னபோது, "அப்ப ஏன் தாத்தா இந்தியா எண்டு போட்டிருக்கினம்?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு நல்ல பதில் சொல்லக்கூடிய ஒரு புத்தகம் தமிழில், அவள் வயதுக்கு ஏற்றதாக, என் கையில் இல்லை. இந்த மடல் அந்த மாலையில் தொடங்கியது.

தாளைத் தயாரித்தவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. ஆசிரியனாக இருந்த காலத்தில் நானும் அப்படியான தாள்களைப் பலமுறை எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் ஒரே ஆண்டில் பிறந்தவர்களை அடுக்கி வைப்பதில் உண்மையான பயன் ஒன்று இருக்கிறது என்பதையும், அதை நாங்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் வெறும் பெயர்களை மட்டும் கொடுத்துவந்தோம் என்பதையும் இப்போது உணர்கிறேன். ஒரே ஆண்டில் பிறப்பது தற்செயல்தான், அதில் பெருமைப்பட ஏதும் இல்லை. ஆயினும் ஒரே ஆண்டில் பிறந்தவர்கள், உலகத்தில் பெரிய காரியம் ஒன்று நடக்கும்போது ஒரே வயதில் நிற்கிறார்கள். 1917இல் பிறந்தவர்களுக்கு இரண்டாம் உலகப்போர் தொடங்கியபோது இருபத்தொன்று, இருபத்திரண்டு வயது. படிப்பு முடிகிற, வேலை தேடுகிற, கலியாணம் பேசுகிற வயது. அந்த வயதில் அவர்களைப் போர் தூக்கிக்கொண்டு போனது. கிளார்க் பிரித்தானிய விமானப்படையில் சேர்ந்து, மூடுபனியிலும் இருளிலும் விமானங்களைத் தரையிறக்க உதவும் ராடார் முறையில் வேலை செய்தார். அமெரிக்காவின் ஜோன் எஃப். கென்னடி பசிபிக் கடலில் ஒரு சிறிய டோப்பீடோப் படகுக்குத் தலைவராக இருந்தார். 1943 ஆகஸ்ட் 2ஆம் திகதி சொலமன் தீவுகளுக்கருகே அந்தப் படகை ஒரு யப்பானியப் போர்க்கப்பல் இரண்டாகப் பிளந்தது. எட்வர்ட் லொரென்ஸ் கணிதம் படித்துக்கொண்டிருந்தவர், அமெரிக்க விமானப்படைக்கு வானிலை கணிப்பவரானார். ஜேர்மனியரான ஹைன்ரிச் பொல் போர் முடியும்வரை சிப்பாயாக இழுபட்டார், பின்னாளில் அந்த அனுபவமே அவருடைய எழுத்தாயிற்று, 1972இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

என் அம்மம்மாவும் அந்த ஆண்டுப் பிள்ளைதான். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலையில் யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனன்குடாவையும் குண்டுவீசித் தாக்கியபோது அவருக்கு இருபத்துநான்கு வயது. கையில் ஒன்று, இடுப்பில் ஒன்றாக இரண்டு பிள்ளைகள். முதல்நாளே எச்சரிக்கை கிடைத்து, துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் பல வெளியேறியிருந்தன. அப்படி வெளியேறிய ஹெர்மஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது என்பதை நாங்கள் புத்தகங்களில் படிக்கிறோம். அம்மம்மா அந்த நாளை மாட்டுவண்டியில் தம்பலகாமத்துக்கு ஓடிய நாளாக மட்டுமே நினைவில் வைத்திருந்தார். வண்டி மணலில் புதைந்த இடத்தில் இறங்கி நடந்ததையும், பின்னால் சீனன்குடாப் பக்கம் கரும்புகை எழும்பியதையும் எண்பது வயதிலும் சொன்னார். கென்னடியின் படகும் கிளார்க்கின் ராடாரும் அம்மம்மாவின் மாட்டுவண்டியும் ஒரே போருக்குள், ஒரே வயதுக்காரர்களின் வாழ்க்கைகளாக இருந்தன என்பதை ஒரு பிள்ளைக்குக் காட்டிவிட்டால், அந்தத் தாளில் இருந்த பெயர்களை அவள் மனனம் செய்யவேண்டிய அவசியமே இராது.

இனி கிளார்க்கைப் பற்றிச் சற்று நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் ஊர்க் கடலுக்கு அவர் நேரடியாகச் சொந்தமானவர். இங்கிலாந்தின் சமர்செட் மாவட்டத்தில் மைன்ஹெட் என்ற கடற்கரை ஊரில் பிறந்தவர், விண்வெளியைப் பற்றி எழுதியவர், கடலுக்கடியில் இறங்கினால் உடல் எடை இல்லாதது போல இருக்கும், விண்வெளியை அனுபவிக்க மனிதனுக்குக் கிட்டும் அண்மைய வழி அதுதான் என்று சுழியோட்டத்தின் மீது பெரும் காதல் கொண்டார். 1956இல் இலங்கையில் குடியேறினார். அந்த ஆண்டிலேயே அவரும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் சுவாமிமலையடியில் நீருக்குள் இறங்கி, பழைய கோணேசர் கோவிலின் தூண்களும் செதுக்கப்பட்ட கற்களும் கடலடியில் கிடப்பதைக் கண்டார்கள். அடுத்த ஆண்டு வெளியான தம் நூலில் அவர் அதைப் பற்றி எழுதினார். 1620களில் போர்த்துக்கேயர் அந்தக் கோவிலை இடித்தார்கள், கற்களில் ஒரு பகுதியைக் கொண்டு கோட்டை கட்டினார்கள், இன்றும் பிரட்றிக் கோட்டையின் வாசலில் இணைக்கயல் சின்னத்தோடு ஒரு தமிழ்க் கல்வெட்டு நிற்கிறது. இவையெல்லாம் எங்கள் பாடப்புத்தகம் சொல்லாவிட்டாலும் கோவிலுக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் தெரிந்தவை. எஞ்சிய கற்களில் பல மலையிலிருந்து கடலுக்குள் தள்ளப்பட்டன என்று ஊர் நம்பிவந்ததை, கண்ணால் கண்டும் படம் பிடித்தும் உலகத்துக்குச் சொன்னவர்கள் அந்த இருவர். மைக் வில்சன் கடலடியிலிருந்து கண்டெடுத்ததாக அறியப்படும் இலிங்கம் இன்று கோவிலில் வழிபடப்படுகிறது. 1950இல் நகருக்குள் நிலத்தைத் தோண்டியபோது வெளிப்பட்ட வெண்கலத் திருவுருவங்களும், 1956இல் கடலுக்குள் கண்ட கற்களும் சேர்ந்துதான், 1963இல் மீண்டும் குடமுழுக்குக் கண்ட இன்றைய கோவிலின் கதை முழுமையாகிறது.

இதில் அம்மம்மாவின் ஒரு முறைப்பாட்டையும் நான் மறைக்கக்கூடாது. "கடலுக்குள்ள கல்லுத் தூண் கிடக்குது எண்டு எங்கட ஆக்களுக்கு எப்பவோ தெரியும், வெள்ளைக்காரன் வந்து படம் பிடிச்ச பிறகுதான் ஊர் நம்பினது" என்று அவர் சொல்வார். அது நியாயமான முறைப்பாடு. வலை சிக்குகிற இடம் எது, நங்கூரம் பிடிக்கிற இடம் எது என்று கடற்றொழிலாளர் தலைமுறை தலைமுறையாக அறிந்து வைத்திருந்த கடலடியைத்தான் கிளார்க் எழுத்தில் வைத்தார். அவருடைய சிறப்பை அது குறைக்காது. ஆனால் நூலகத்தில் அவருடைய படம் வைக்கப்படும்போது, அந்தக் கடலை முன்பே அறிந்திருந்தவர்களைப் பற்றிய நாலு வரிகளும் அதன் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று கேட்கிறேன்.

கிளார்க் 1945ஆம் ஆண்டு ஒக்ரோபரில், தமக்கு இருபத்தேழு வயதாக இருந்தபோது, ஒரு வானொலித் தொழில்நுட்பச் சஞ்சிகையில் ஒரு கட்டுரை எழுதினார். பூமியின் நடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு செய்மதியை நிறுத்தினால், அது பூமி சுழலும் அதே வேகத்தில் சுற்றிவந்து, தரையிலிருந்து பார்ப்பவருக்கு வானத்தில் ஒரே இடத்தில் நிற்பதுபோல இருக்கும், அப்படி மூன்று செய்மதிகள் இருந்தால் உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம் என்பது அதன் சாரம். எங்கள் வீட்டுக் கூரைகளில் தொலைக்காட்சிக்காகப் பூட்டியிருக்கும் வட்டத் தட்டுகள் ஏன் எல்லாம் ஒரே திசையைப் பார்த்தபடி அசையாமல் நிற்கின்றன என்று ஒரு பிள்ளை கேட்டால், அதற்கான விடை அந்தக் கட்டுரையில் இருக்கிறது. இங்கே அந்த ஆண்டின் இன்னொரு பிள்ளை குறுக்கிடுகிறார். அமெரிக்காவில் செய்மதித் தொடர்பாடலுக்கான சட்டத்தில் 1962 ஆகஸ்டில் கையெழுத்திட்டவர் கென்னடி. 1961 மே மாதத்தில், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மனிதனைச் சந்திரனுக்கு அனுப்பித் திரும்பக் கொண்டுவருவோம் என்று தம் நாட்டுக்கு இலக்கு வைத்தவரும் அவரே. 1963 நவம்பரில் அவர் கொல்லப்பட்டார். 1964இல் புவிநிலைச் சுற்றுப்பாதையில் முதல் செய்மதி நிறுத்தப்பட்டபோதும் சரி, 1969இல் மனிதன் சந்திரனில் இறங்கியபோதும் சரி, அவர் இல்லை. கிளார்க்கோ அந்தச் சந்திரப் பயணத்தை அமெரிக்கத் தொலைக்காட்சியில் இருந்து உலகத்துக்கு விளக்கிச் சொல்லிவிட்டு, மீண்டும் இலங்கைக்கே வந்து, மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராக 1979 முதல் 2002 வரை இருந்து, 2008 மார்ச் 19ஆம் திகதி கொழும்பில் காலமானார். கனத்தை மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த நாட்டில் வாழ்ந்து இந்த மண்ணிலேயே உறங்குபவரின் பெயருக்கு எதிரே 'இங்கிலாந்து' என்று மட்டும் எழுதுவது போதாது.

நாவலப்பிட்டியில் பிறந்தவருக்கு நடந்தது இதன் மறுபக்கம். தந்தையின் மறைவுக்குப் பிறகு தாயோடு தமிழகம் சென்று, கும்பகோணத்தில் வறுமையில் வளர்ந்து, சிறுவனாகவே நாடகக் கம்பனியில் சேர்ந்து, 1936இல் முதல் திரைப்படத்தில் சிறு வேடமேற்று, 1977இல் தமிழ்நாட்டின் முதலமைச்சராகி, 1987 டிசம்பர் 24ஆம் திகதி அந்தப் பதவியில் இருந்தபடியே மறைந்தார் எம். ஜி. இராமச்சந்திரன். எங்கள் ஊரில் அவருடைய படம் மாட்டாத சலூன் ஒரு காலத்தில் இருந்ததில்லை. அப்படிப்பட்டவர் மலைநாட்டில் பிறந்தவர் என்பது என் பேத்திக்குப் புதிய செய்தியாக இருந்தது எனக்கு வருத்தம் தந்தது.

இங்கே எங்கள் பஞ்சாங்கம் சொல்லும் ஒரு நுட்பத்தையும் நூலகம் பிள்ளைகளுக்குக் காட்டவேண்டும். 1917 என்பது எங்கள் கணக்கில் ஒரே ஆண்டு அல்ல. சித்திரைக்கு முன் பிறந்தவர்கள் நள வருடத்தார், பின் பிறந்தவர்கள் பிங்கள வருடத்தார். எம். ஜி. ஆர். தை மாதத்தில் பிறந்தவர், ஆகவே நள. மே 29இல் பிறந்த கென்னடியும், நவம்பர் 19இல் அலகாபாத்தில் பிறந்த இந்திரா காந்தியும், மார்கழி பிறக்கும் நாளை ஒட்டிப் பிறந்த கிளார்க்கும் பிங்கள. அறுபது ஆண்டுகள் சுற்றி வந்து நள வருடம் முடியும் தறுவாயில், 1977 மார்ச்சில், இந்திரா தேர்தலில் தோற்றார். பிங்கள வருடம் மீண்டும் பிறந்தபின், அதே ஆண்டு யூன் 30ஆம் திகதி, எம். ஜி. ஆர். முதலமைச்சரானார். சோதிடத்துக்காக இதை நான் சொல்லவில்லை. எங்கள் மூத்தவர்களுக்குத் தங்கள் பிறப்பு ஆங்கில ஆண்டாக அல்ல, வருடப் பெயராகவும் நட்சத்திரமாகவுமே தெரிந்திருந்தது. அந்தக் கணக்கை ஆங்கில ஆண்டோடு பொருத்தத் தெரியாவிட்டால் அவர்களுடைய வயதை நாங்கள் தொலைத்துவிடுவோம். பின்னால் நான் கேட்கப்போகும் பதிவேட்டுக்கும் இந்தப் பொருத்தம் தேவை.

இந்திரா காந்தியைப் பற்றி எங்கள் மாவட்டத்தில் பேசும்போது ஒரு விடயத்தை விட்டுவிட முடியாது. மலையகத் தமிழரை இந்தியாவும் இலங்கையும் பங்கிட்டுக்கொண்ட 1964ஆம் ஆண்டு உடன்படிக்கையில் முடிவு செய்யாமல் விடப்பட்ட ஒன்றரை இலட்சம் பேரை, 1974இல் இந்திராவும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஆளுக்கு எழுபத்தையாயிரமாகப் பிரித்துக்கொண்டார்கள். நாவலப்பிட்டியில் பிறந்த குழந்தை ஒன்று தமிழ்நாட்டின் முதல்வரானதை மகிழ்ந்து பேசும் நாங்கள், அதே மலைகளில் பிறந்தவர்கள் எண்ணிக்கையாகப் பிரிக்கப்பட்டதையும் அதே பக்கத்தில் எழுதவேண்டும். 1977 கலவரத்தின் பின் மலையகத்திலிருந்து வந்து எங்கள் மாவட்டத்தில் குடியேறிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இந்த நூலகத்தின் வாசகர்கள்.

அந்தத் தாளில் இருந்த வேறு இரண்டு பெயர்களையும் நான் மறக்கவில்லை. செப்ரெம்பர் 11இல் பிறந்த பிலிப்பைன்ஸின் பேர்டினண்ட் மார்க்கோஸ், நவம்பர் 14இல் பிறந்த தென்கொரியாவின் பார்க் சுங் ஹீ. முன்னவர் 1972 செப்ரெம்பரில் இராணுவச் சட்டத்தைக் கொண்டுவந்தார், பின்னவர் அடுத்த மாதமே அரசியலமைப்பை இடைநிறுத்தித் தம் கையில் அதிகாரத்தைக் குவித்தார், இந்திரா 1975 யூனில் அவசரகால நிலையைப் பிரகடனம் செய்தார். மூவரும் சில வார இடைவெளியில் பிறந்தவர்கள், மூவரும் ஐம்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட வயதில் ஆசியாவின் மூன்று நாடுகளில் மக்களின் வாயைக் கட்டினார்கள். அவசரகாலச் சட்டத்தின் கீழ்ப் பல்லாண்டு வாழ்ந்த எங்கள் ஊருக்கு இதன் பொருளை விளக்கவேண்டியதில்லை. புகழ்பெற்றவர்களின் பட்டியல் என்றால் வாழ்த்துப்பா என்று பிள்ளைகள் நினைத்துவிடாதிருக்க, இவர்களும் அலுமாரியில் இருக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அவர்களுக்கு எதிரே வைக்கவேண்டியவர்களையும் அதே ஆண்டு தந்திருக்கிறது. அந்தத் தாளில் இவர்களில் ஒருவருமே இல்லை என்பதுதான் என்னை மிகவும் உறுத்தியது. தென்னாபிரிக்காவின் ஒலிவர் தம்போ, நெல்சன் மண்டேலாவோடு சேர்ந்து யோகான்னஸ்பேர்க்கில் சட்டத்தரணியாக வேலை செய்தவர். 1960இல் நாட்டைவிட்டு வெளியேறி, முப்பது ஆண்டுகள் அந்நிய மண்ணிலிருந்து, நிறவெறிக்கு எதிரான தம் இயக்கத்தைக் கட்டிக் காத்து, 1990 டிசம்பரில் திரும்பினார். 1993 ஏப்ரலில் இறந்தார். கறுப்பின மக்கள் முதன்முதலில் வாக்களித்த தேர்தல் 1994 ஏப்ரலில் நடந்தது. முப்பது ஆண்டு காத்திருந்தவருக்கு அந்த ஓராண்டு கிடைக்கவில்லை. வெளிநாட்டில் இருந்தபடி ஊரை நினைத்து வாழும் உறவினர் இல்லாத வீடு எங்கள் நகரத்தில் எத்தனை? அமெரிக்காவின் மிசிசிப்பியில் பிறந்த ஃபனி லூ ஹேமர், பருத்தித் தோட்டக் குடும்பம் ஒன்றின் இருபதாவது பிள்ளை. ஆறு வயதில் பருத்தி பறிக்கத் தொடங்கினார். 1962இல் வாக்காளராகப் பதிவுசெய்யப் போனதற்காக, பதினெட்டு ஆண்டுகள் வேலை செய்த தோட்டத்திலிருந்து அன்றிரவே வெளியேற்றப்பட்டார். அடுத்த ஆண்டு சிறையில் வைத்து அடிக்கப்பட்டார். அவர் பின்வாங்கவில்லை. 1948இல் குடியுரிமையும் அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் பறிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளரின் வழிவந்த பிள்ளை ஒருத்தி இந்த வரலாற்றைத் தமிழில் வாசித்தால், மிசிசிப்பி அவளுக்குத் தூரத்து ஊராக இராது.

எல் சல்வடோரின் பேராயர் ஒஸ்கார் ரொமேரோ ஆகஸ்ட் 15ஆம் திகதி, மாதாவின் விண்ணேற்புத் திருநாளில் பிறந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் வானொலியில் ஒலித்த தம் மறையுரைகளில், அந்த வாரத்தில் கொல்லப்பட்டவர்களையும் காணாமலாக்கப்பட்டவர்களையும் பெயர் சொல்லி வாசித்தார். 1980 மார்ச் 24ஆம் திகதி திருப்பலி ஒப்புக்கொடுத்துக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். 2018இல் புனிதராக உயர்த்தப்பட்டார். காணாமல் போன பிள்ளையின் படத்தைக் கையில் ஏந்தி வெயிலில் நிற்கும் தாய்மாரை எங்கள் வீதியோரங்களில் கண்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்த மனிதரை அறிமுகம் செய்யாமல் விடுவது பெரிய குறை.

அறிவியல் பகுதிக்கு வருகிறேன். ஜோன் கெண்ட்ரூ என்ற ஆங்கிலேயர் போர்க்காலத்தில் தென்கிழக்காசியக் கட்டளைப்பீடத்தில் விமானப்படைக்கு அறிவியல் ஆலோசகராக இருந்தவர். அந்தக் கட்டளைப்பீடம் 1944 முதல் கண்டியில் இயங்கியது. பின்னாளில் தசைகளில் ஒட்சிசனைத் தாங்கும் புரதம் ஒன்றின் அமைப்பைக் கண்டறிந்து 1962இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். உயர்தர விஞ்ஞான மாணவர் அவரைத் தேடி வாசிப்பார்கள். எனக்கு அவரைவிட எட்வர்ட் லொரென்ஸ் முக்கியம், ஏனென்றால் அவருடைய துறை எங்கள் வள்ளங்களின் உயிர். தொடக்க நிலையில் மிகமிகச் சிறிய வேறுபாடு இருந்தாலும் சில நாட்களுக்குள் வானிலை முற்றிலும் வேறு திசையில் போய்விடக்கூடும் என்பதை 1963இல் ஒரு கட்டுரையில் கணிதமாகக் காட்டினார் அவர். கணனியில் ஓர் எண்ணின் கடைசி இலக்கங்களை விட்டுவிட்டு மறுபடி ஓடவிட்டபோது முடிவு மாறிப்போனதில் தொடங்கிய கண்டுபிடிப்பு அது. அடுத்த ஆண்டு டிசம்பரில்தான் இலங்கையின் வடகிழக்கைக் கடந்து சென்று தனுஷ்கோடியை அழித்த புயல் வந்தது. வானொலியில் சொன்ன வானிலை பிழைத்துவிட்டது என்று கடற்றொழிலாளர் கோபப்படும் ஒவ்வொரு வாடைக்காலத்திலும், ஏன் ஒரு வாரத்துக்கு அப்பால் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதற்கு லொரென்ஸ் தந்த காரணத்தை அவர்களுடைய பிள்ளைகளாவது அறிந்திருக்கவேண்டும். அவர் 2008 ஏப்ரல் 16ஆம் திகதி, கிளார்க் மறைந்து ஒரு மாதத்துக்குள் இறந்தார்.

பாடகி எலா ஃபிற்சரால்ட், கட்டடக் கலைஞர் ஐ. எம். பெய் முதலிய மற்றவர்களை உங்கள் நூலகர்கள் என்னைவிட நன்றாகத் தெரிவுசெய்வார்கள்.

இனி வேண்டுகோளின் இரண்டாம் பாதி. அம்மம்மாவுக்குப் பிறப்புச் சான்றிதழ் ஒன்று இருந்தது என்று சொல்வார்கள். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து போனதில் ஏதோ ஒரு முகாமில் அது தொலைந்துவிட்டது. பிறகு ஓர் அலுவலகத்தில் உத்தேச வயதுச் சான்றிதழ் எடுக்கப் போனபோது, அங்கிருந்தவர் அவருடைய முகத்தைப் பார்த்து ஓர் ஆண்டை எழுதினார். அது ஐந்து ஆண்டு தவறு. "நான் பிங்கள வருஷம் ஐயா, எழுதுங்கோ" என்று அவர் சொன்னதை யாரும் கேட்கவில்லை. இறந்தபோது இறப்புச் சான்றிதழிலும் அந்தத் தவறே ஏறியது. அரசாங்கப் பதிவுகளில் அவர் 1917இல் பிறக்கவே இல்லை. அவரைப்போல எங்கள் நகரத்திலும், கிண்ணியாவிலும், மூதூரிலும், நிலாவெளியிலும், தம்பலகாமத்திலும் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். இந்த ஊருக்குப் புகையிரதம் வருவதற்கு முன் பிறந்தவர்கள் அவர்கள். தமிழராயினும் முஸ்லிம்களாயினும் சிங்களவராயினும், சம்மாட்டியாராயினும் வயல் விதைத்தவராயினும், துறைமுகத்தில் சுமை தூக்கியவராயினும், வீடுவீடாகப் போய்ப் பிள்ளைப்பேறு பார்த்தவராயினும், அவர்களுடைய வாழ்க்கைக்கு ஒரு பக்கமாவது வேண்டும்.

ஆகவே, நூலகத்தின் ஒரு மூலையில் ஓர் அலுமாரியும் ஒரு மேசையும் போதும். உலகறிந்தவர்களுக்கு ஆளுக்கு இரண்டு மூன்று பக்கத்தில், திகதிகள் சரிபார்க்கப்பட்ட, எளிய தமிழில் எழுதப்பட்ட வரலாறுகள் வேண்டும். எழுதித் தர ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர் ஆயத்தமாக இருக்கிறோம், அதற்குப் பணம் வேண்டாம். மேசையில் தடித்த அட்டைப் பதிவேடு ஒன்று இருக்கட்டும். குடும்பத்தவர்கள் வந்து தங்கள் மூத்தவரின் பெயர், பிறந்த இடம், தமிழ் வருடமும் மாதமும் அல்லது ஹிஜ்ரி ஆண்டு, செய்த தொழில், 1942இல் எங்கே இருந்தார் என்பவற்றைத் தங்கள் கைப்பட எழுதட்டும். சாதக ஓலையோ, பழைய தேவாலயப் பதிவோ, கலியாண அழைப்பிதழோ இருந்தால் அதன் பிரதியைச் சேர்க்கட்டும். எழுத முடியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்க உயர்தர மாணவர் இருவரைச் சனிக்கிழமைகளில் அமர்த்தினால் நல்லது. 1917 நன்றாக நடந்தால் அடுத்த ஆண்டுகளைப் பிறகு பார்க்கலாம், ஒரே நேரத்தில் பல ஆண்டுகளை எடுத்து எதையும் முடிக்காமல் விடுவதை நான் விரும்பவில்லை.

தொடக்க நாளாக டிசம்பர் 16ஐ முன்வைக்கிறேன். கோவிலில் திருவெம்பாவைக்கு மணி ஒலிக்கும் மார்கழி பிறக்கும் காலம். கடல் கொந்தளிப்பாக இருப்பதால் சுழியோடிகளுக்கும் கடற்றொழிலாளருக்கும் வேலை குறைந்திருக்கும், அவர்களையும் அழைக்கலாம். சுவாமிமலையடியில் அண்மையில் இறங்கியவர்கள் தாங்கள் கண்டதைப் பிள்ளைகளுக்குச் சொல்லட்டும்.

உங்கள் தீர்மானத்தை அறிந்தவுடன், பதிவேட்டின் முதல் பக்கத்துக்கு உரிய விபரத்தோடு பேத்தியையும் கூட்டிக்கொண்டு வருவேன். அம்மம்மாவின் சாதக ஓலையை அவள் ஒரு சனிக்கிழமை முழுவதும் இருந்து எழுத்துக் கூட்டி வாசித்து, தன் அப்பியாசக் கொப்பியில் பெயர்த்து வைத்திருக்கிறாள். அதில் அவள் எழுதியிருப்பது: பிங்கள வருடம், ஆவணி மாதம், உத்தரட்டாதி நட்சத்திரம், பெண், திருக்கோணமலை.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
திருகோணமலை.